ஸ்கிரீனில் அரக்கு, பிரிண்டில் காபிக்கொட்டை... ஏன் தெரியுமா?

ராத்திரி முழுக்கக் கண்விழித்து ஒரு கல்யாண ஆல்பத்துக்குக் கலர் திருத்துகிறீர்கள். ஸ்கிரீனில் அரக்குப் புடவை தகதகவென்று மின்னுகிறது. மறுநாள் லேபிலிருந்து பிரிண்ட் வருகிறது. புடவை காபிக்கொட்டை நிறத்தில்! யார் செய்த வேலை இது? லேபா? கேமராவா? பேப்பரா? லேபோடு சண்டைக்குக் கிளம்புவதற்கு முன் ஒரு நிமிடம்! ஆசாமி உங்கள் மூக்குக்கு நேரே, மேஜை மேலேயே உட்கார்ந்திருக்கலாம். ஆமாம், உங்கள் மானிட்டர்தான்!

உங்கள் மானிட்டரில் மஞ்சள் என்ற நிறமே கிடையாது, தெரியுமா? நம்பிக்கை வரவில்லையா? ஒரு பூதக்கண்ணாடியை எடுத்து ஸ்கிரீனில் மஞ்சளாகத் தெரியும் இடத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு சிவப்புக் கீற்று, ஒரு பச்சைக் கீற்று, பக்கத்தில் அணைந்து கிடக்கும் நீலக் கீற்று. அவ்வளவுதான்! மஞ்சள் உருவாவது உங்கள் கண்ணுக்கும் மூளைக்கும் நடுவில் எங்கோ! சாதாரண ஃபுல் எச்.டி. ஸ்கிரீனிலேயே இப்படி 62,20,800 கீற்றுகள். 4கே என்றால்? 2,48,83,200!

இந்த எல்.சி.டி. (திரவப் படிகத் திரை) மானிட்டரின் பூர்வீகம் எது தெரியுமா? கேரட்! 1888-ல் ஆஸ்திரியத் தாவரவியலாளர் ஃபிரீட்ரிக் ரைனிட்ஸர் கேரட்டிலிருந்து எடுத்த ஒரு பொருளைச் சூடாக்கிப் பார்த்தார். 145.5 டிகிரியில் உருகியது. சரி, கதை முடிந்தது என்று பார்த்தால், 178.5 டிகிரியில் இன்னொரு முறை தெளிந்தது! ஒரே பொருளுக்கு இரண்டு உருகுநிலையா? நடுவில் இருந்த அந்த இரண்டுங்கெட்டான் நிலைதான் திரவப் படிகம். பொரியலுக்கு நறுக்குகிற கேரட்டிலிருந்து போட்டோஷாப் வரை!

அந்தத் திரைக்குப் பின்னால் எரிகிற வெள்ளை விளக்காவது வெள்ளைதானா? அதுவும் இல்லை! பெரும்பாலான மானிட்டர்களில் இருப்பது நீல எல்.இ.டி. அதன் மேல் மஞ்சள் ஒளி தரும் ஒரு பூச்சு. நீலமும் மஞ்சளும் கலந்துதான் 'வெள்ளை' என்று ஏமாற்றுகின்றன. அந்த நீல எல்.இ.டி.யைக் கண்டுபிடித்ததற்காக அகாசாகி, அமானோ, நகமுரா என்ற 3 பேருக்கு 2014-ல் நோபல் பரிசே கொடுத்தார்கள்! அந்தப் பூச்சு வருஷக்கணக்கில் சூடு பட்டுப் பட்டு மெல்ல மாறும். வாங்கிய அன்று செய்த கேலிபரேஷன் (கருவியால் அளந்து நிறத்தைச் சரிசெய்வது) இரண்டு வருஷம் கழித்தும் சரியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தீர்களா?

எண்ணிக்கைக்கு வருவோமா? ஒரு சாதாரண 8-பிட் மானிட்டர் எத்தனை நிறம் காட்டும்? சிவப்பில் 256 படி, பச்சையில் 256, நீலத்தில் 256. மூன்றையும் பெருக்குங்கள். 1,67,77,216! ஒன்றரைக் கோடிக்கும் மேல்! 10-பிட் என்றால்? 107 கோடியைத் தாண்டும்!

ஆனால் பெட்டியில் போட்டிருப்பதையெல்லாம் நம்பிவிடாதீர்கள். விலை மலிவான பல மானிட்டர்கள் உண்மையில் 6-பிட்தான், தெரியுமா? அவற்றின் சொந்தச் சரக்கு 2,62,144 நிறங்கள் மட்டுமே! மீதியை எப்படிக் காட்டுகின்றன? பக்கத்துப் பக்கத்து நிறங்கள் இரண்டைப் படபடவென்று மாற்றி மாற்றி அடித்து, நடுவிலுள்ள நிறம் இருப்பதுபோல ஒரு கண்கட்டு வித்தை! சாயங்கால வானத்தை எடிட் செய்யும்போது பட்டை பட்டையாகக் கோடு விழுகிறதா? படத்தைக் குறை சொல்வதற்கு முன் மானிட்டர் எத்தனை பிட் என்று பாருங்கள்.

கேலிபரேஷன் கருவி வாங்கியாயிற்று, வைத்து அளந்தும் ஆயிற்று, ஆனாலும் கலர் மஞ்சளடிக்கிறதா? மஞ்சள் காமாலைக்காரனுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். இங்கே காமாலை கம்ப்யூட்டருக்கு! விண்டோஸில் 'நைட் லைட்' என்று ஒன்று இருக்கிறது. மேக்கில் அதன் பெயர் 'நைட் ஷிஃப்ட்'. ராத்திரி ஆனதும் நீல ஒளியைக் குறைத்துத் திரையை இளமஞ்சளாக்கிவிடும். ஆப்பிளின் 'ட்ரூ டோன்' இன்னும் கெட்டி! அறையில் எரியும் விளக்கைப் பார்த்து வெள்ளையை மாற்றிக்கொண்டே இருக்கும். தூக்கத்துக்கு நல்லது என்கிறார்கள், படிக்கவும் நல்லது. போட்டோ எடிட்டிங்குக்கு? கேட்கவே வேண்டாம்! நானே ஒருமுறை மூன்று மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்டு, மானிட்டரின் புரொஃபைலை (அது நிறங்களை எப்படிக் காட்டுகிறது என்று சாஃப்ட்வேருக்குச் சொல்லும் ஃபைல்) நாலு தடவை மாற்றி, கடைசியில் கண்டுபிடித்த குற்றவாளி இந்த நைட் லைட்தான். வெளியில் சொல்ல வெட்கம்!

இன்னொரு மஞ்சள் மர்மம். படத்தை போட்டோஷாப்பில் திறந்தால் வெள்ளைப் பின்னணி மஞ்சளாகத் தெரிகிறது. அதையே வேறொரு சாதாரண வியூவரில் திறந்தால் பளிச்சென்று வெள்ளை! ஒரே படம், ஒரே மானிட்டர், எப்படி? விண்டோஸ் தானாகவே அப்டேட் ஆகும்போது சில சமயம் மானிட்டர் கம்பெனி கொடுத்த ஒரு கோளாறான புரொஃபைலும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும். கலர் மேனேஜ்மென்ட் தெரிந்த சாஃப்ட்வேர் அதைப் பணிவோடு பின்பற்றிக் கெட்டுப்போகிறது. தெரியாத சாஃப்ட்வேர் அதைக் கண்டுகொள்ளாமல் தப்பிக்கிறது! வைத்தியம் என்ன? 'கலர் மேனேஜ்மென்ட்' என்று தேடித் திறந்து, அந்தப் புரொஃபைலை நீக்கிவிட்டு, தற்காலிகமாக எஸ்.ஆர்.ஜி.பி. என்ற பொதுவான புரொஃபைலை வையுங்கள். எடிட்டிங் சாஃப்ட்வேரை மூடித் திறங்கள். மஞ்சள் மாயம்!

அந்தப் புரொஃபைல் எவ்வளவு பெரிய ஃபைல் என்று நினைக்கிறீர்கள்? ஊரெல்லாம் புழங்கும் எஸ்.ஆர்.ஜி.பி. புரொஃபைல் ஒன்றின் அளவு வெறும் 3,144 பைட்! இந்தப் பக்கத்தில் நீங்கள் இதுவரை படித்த எழுத்துகளைச் சேமிக்கவே அதைவிட அதிக இடம் வேண்டும்! அந்தத் துக்கடா ஃபைல்தான் உங்கள் அரக்குப் புடவையின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது.

கம்ப்யூட்டர் தூங்கி எழுந்தால் கேலிபரேஷனை மறந்துவிடக்கூடும் என்பது தெரியுமா? உங்கள் கருவி செய்த திருத்தங்களில் ஒரு பகுதி கிராஃபிக்ஸ் கார்டுக்குள் ஒரு சின்ன அட்டவணையாக ஏற்றப்படுகிறது. ஒரு வீடியோ கேம் திறந்தால் போதும், சில சமயம் அது அழிந்துவிடும். ஸ்லீப்பில் போட்டு எழுப்பினாலும் அதே கதி! புரொஃபைல் மட்டும் 'நான் இருக்கிறேன்' என்று காட்டிக்கொண்டிருக்கும், திருத்தம் காணாமல் போயிருக்கும்! கருவியோடு வரும் சாஃப்ட்வேர் ஸ்கிரீன் மூலையில் ஒரு குட்டி ஐகானாகக் குந்தியிருக்கிறதே, எதற்கு? அழிந்ததை மறுபடி மறுபடி ஏற்றுவதற்குத்தான். 'தேவையில்லாமல் ஓடுகிறது' என்று அதை மூடிவிட்டீர்களா? போச்சு!

கறுப்பு சாம்பலாகத் தெரிகிறதா? கேபிளைக் கவனியுங்கள்! எச்.டி.எம்.ஐ.யில் இணைத்தால் சில கம்ப்யூட்டர்கள் மானிட்டரை டி.வி. என்று நினைத்துக்கொள்ளும். டி.வி. உலகில் கறுப்பு என்பது 0 அல்ல, 16! வெள்ளை 255 அல்ல, 235! 256 படியில் 36 படி அம்போ! கிராஃபிக்ஸ் செட்டிங்கில் 'ஃபுல்' என்று ஒரே ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்தால் கறுப்பு கறுப்பாகிவிடும். இதற்காகப் புது மானிட்டர் வாங்கியவர்களும் இருப்பார்கள், பாவம்!

'பிரிண்ட் எல்லாம் இருட்டாக வருகிறது' என்ற புலம்பலைக் கேட்காத லேப் உண்டா? காரணம் என்ன தெரியுமா? கடையிலிருந்து வரும் மானிட்டர் பெரும்பாலும் சதுர மீட்டருக்கு 250, 300 கேண்டெலா பிரைட்னஸில் கண்ணைப் பறிக்கும். கேண்டெலா என்றால் லத்தீனில் மெழுகுவத்தி! ஒரு சதுர மீட்டர் சுவரில் 300 மெழுகுவத்தி ஏற்றி வைத்ததுபோல! பிரிண்டுக்காக எடிட் செய்பவர்கள் வைத்துக்கொள்வது எவ்வளவு? 80 முதல் 120 வரைதான்! ஸ்கிரீன் மூன்று மடங்கு வெளிச்சமாக இருந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? படத்தை இருட்டாக்குவீர்கள். லேபும் நீங்கள் கேட்டபடியே இருட்டாக அடித்துத் தருகிறது! என்னைக் கேட்டால் ஆயிரக்கணக்கில் செலவழித்துக் கருவி வாங்குவதற்கு முன், செலவே இல்லாமல் பிரைட்னஸைக் குறைத்துவிட்டு ஒரு பிரிண்ட் போட்டுப் பார்க்க வேண்டும். பாதி வியாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

எஸ்.ஆர்.ஜி.பி. என்ற நிற அளவுகோலை 1996-ல் எச்.பி.யும் மைக்ரோசாஃப்டும் முன்வைத்தன. அந்த அளவுகோலில் மானிட்டருக்கு மட்டுமல்ல, அறைக்கும் இலக்கணம் உண்டு, தெரியுமா? ஸ்கிரீன் 80 கேண்டெலா. அறை வெளிச்சம் 64 லக்ஸ். அதாவது மங்கலான வீட்டு அறை! ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு நடுப்பகலில் எடிட் செய்கிறீர்களா? இலக்கணப் பிழை!

சட்டைக்கும் உண்டு வேலை! ரத்தச் சிவப்பு டி-ஷர்ட் போட்டுக்கொண்டு ஸ்கிரீன் முன்னால் உட்கார்ந்தால் அந்தச் சிவப்பு ஸ்கிரீனில் பட்டுத் தெறிக்கும். அதனால்தான் கலர் வேலை செய்யும் பல நிபுணர்கள் கறுப்பு, சாம்பல் உடுத்துகிறார்கள். சுவருக்கும் சாம்பல்! பார்க்கச் சோகமாகத்தான் இருக்கும்.

'வார்ம்' என்றால் சூடு, 'கூல்' என்றால் குளிர்ச்சி. சரிதானே? தலைகீழ்! கொல்லன் உலையில் இரும்பைப் பாருங்கள். முதலில் சிவக்கும், இன்னும் காய்ந்தால் மஞ்சளாகும், மேலும் காய்ந்தால் வெள்ளை. மெழுகுவத்திச் சுடரின் நிறவெப்பம் 1,900 கெல்வின் சுமார்தான். நாம் 'குளிர்ச்சியான வெள்ளை' என்று சொல்லும் மானிட்டர் வெள்ளையோ 6,500! குளிர்ச்சி என்கிறோமே, அதுதான் கொதிப்பு!

அந்த 6,500-ல் ஒரு வேடிக்கை. மானிட்டர்களுக்கான வெள்ளைக்குப் பெயர் டி65. பெயரைப் பார்த்தால் 6,500 என்றுதானே தோன்றுகிறது? உண்மையில் அது 6,504 கெல்வின்! அந்த 4 எங்கிருந்து முளைத்தது? இந்த வெள்ளையைக் கணக்கிடப் பயன்படும் ஒரு இயற்பியல் மாறிலியைப் பின்னாளில் விஞ்ஞானிகள் திருத்தினார்கள். 1.438 என்று இருந்தது 1.4388 ஆயிற்று. வெள்ளை அதே வெள்ளைதான், எண் மட்டும் நகர்ந்துவிட்டது! அச்சு உலகத்தின் வெள்ளையான டி50-யும் இப்படித்தான் 5,003 ஆனது.

உலகத்தின் மொத்த நிறக் கணக்கும் எத்தனை பேருடைய கண்ணை வைத்துப் போடப்பட்டது தெரியுமா? லட்சம் பேர்? ஆயிரம் பேர்? வெறும் 17 பேர்! 1920-களின் கடைசியில் இங்கிலாந்தில் டேவிட் ரைட் 10 பேரையும், ஜான் கில்ட் 7 பேரையும் உட்காரவைத்து விளக்குகளைக் கலந்து கலந்து சோதித்தார்கள். அதிலிருந்து 1931-ல் பிறந்தது 'சராசரிக் கண்'. இன்று உங்கள் கேலிபரேஷன் கருவி அளப்பதும் அந்தக் கண்ணால்தான்! உங்கள் கண் அந்த 17 பேரின் சராசரியிலிருந்து கொஞ்சம் விலகியிருந்தால்? இரண்டு வகை மானிட்டரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டையும் ஒரே எண்ணுக்குக் கேலிபரேட் செய்தாலும் வெள்ளை வேறு வேறாகத் தெரியும். கருவி பழுது இல்லை, நீங்களும் பழுது இல்லை!

இதையாவது விடுங்கள். நிற வித்தியாசத்தை மனிதக் கண் எவ்வளவு நுட்பமாகக் கண்டுபிடிக்கும் என்று 1942-ல் டேவிட் மெக்கடம் வெளியிட்ட ஆய்வில் எத்தனை பேர்? முக்கியமாக ஒரே ஒருவர்! அவரை வைத்தே 25,000 முறைக்கு மேல் நிறம் பொருத்திப் பார்த்தார்கள். என்ன பொறுமை! கேலிபரேஷன் ரிப்போர்ட்டில் நிற வித்தியாசத்தைக் காட்ட 'டெல்டா இ' என்று ஒரு எண் வருகிறதே, அந்த 'இ' என்ன? ஜெர்மன் மொழியில் 'உணர்வு' என்று பொருள் தரும் சொல்லின் முதல் எழுத்து! எண் 1-க்குப் பக்கம் வந்தால் வித்தியாசம் கண்ணுக்கே எட்டாது. 5, 6 என்று வந்தால் உஷார்!

கலர் வேலைக்கு உங்கள் கண் லாயக்கா என்று பார்க்க '100 ஹ்யூ டெஸ்ட்' என்று ஒரு பிரபலமான சோதனை உண்டு. நிறக் குப்பிகளை வரிசையாக அடுக்க வேண்டும். பெயரில் 100. பெட்டியில் எத்தனை? எண்ணிப் பாருங்கள். 85!

போட்டோகிராபர்கள் கொண்டாடும் அடோபி ஆர்.ஜி.பி. ஒரு தப்பினால் பிறந்தது, தெரியுமா? 1998-ல் போட்டோஷாப் 5.0 தயாராகிறது. எச்.டி. டி.வி.க்கான ஒரு பழைய தரநிர்ணய ஆவணத்திலிருந்து எண்களை எடுத்துப் போட்டார்கள். பிறகுதான் தெரிந்தது, அவை உண்மையான எண்களே அல்ல, பின்னிணைப்பில் சும்மா போட்டிருந்த லட்சிய எண்கள்! அதை எழுதி எடுக்கும்போது சிவப்பில் இன்னொரு பிழை வேறு! திருத்தலாம் என்று பார்த்தால், அதற்குள் ஜனங்களுக்கு அது பிடித்துப்போய்விட்டது! பெயரை மட்டும் மாற்றி அப்படியே விட்டுவிட்டார்கள். கண்ணுக்குத் தெரியும் நிறங்களில் எஸ்.ஆர்.ஜி.பி. பிடிப்பது சுமார் 35 சதவீதம். இந்தத் தப்பில் பிறந்த பிள்ளை பிடிப்பது சுமார் 50!

இதைவிடப் பெரியது கோடாக் உருவாக்கிய புரோஃபோட்டோ ஆர்.ஜி.பி. எவ்வளவு பெரியது? அதிலுள்ள நிறங்களில் சுமார் 13 சதவீதம் இந்த உலகத்திலேயே இல்லை! எந்த மனிதக் கண்ணும் பார்க்க முடியாத, கணக்கில் மட்டுமே இருக்கும் கற்பனை நிறங்கள்! அதில் எடிட் செய்து அப்படியே நண்பருக்கு அனுப்பிவிடாதீர்கள். அவருடைய போனில் முகமெல்லாம் ரத்தசோகை பிடித்ததுபோல வெளிறிக் கிடக்கும்.

முகம் வெளிறினால் பரவாயில்லை. ஒரு கலர் புரொஃபைல் போனையே கொல்லும் என்றால் நம்புவீர்களா? 2020-ல் நிஜமாகவே நடந்தது! அமெரிக்காவில் மான்டானா மாநிலத்தின் கிளேசியர் தேசியப் பூங்கா. அங்கே ஓர் ஏரிக்கரையில் எடுத்த அழகான படம். மலை, மேகம், சாயங்கால வெளிச்சம். யாரோ அதை வால்பேப்பராக வைத்தார்கள். போன் அணைந்தது! எழுந்தது! மறுபடி அணைந்தது! திரும்பத் திரும்ப இதே கூத்து! படத்தில் வைரஸா? கிடையாது! படத்தோடு ஒட்டியிருந்த அகலமான கலர் புரொஃபைல்தான் காரணம். ஆண்ட்ராய்டு அந்தப் படத்தின் வெளிச்சத்தைக் கணக்குப் போட்டபோது, ஒரு பிக்சலின் விடை 255-ஐத் தாண்டிவிட்டது. 0 முதல் 255 வரைதான் இடம். ஓர் எண் கூடியதும் போன் மூர்ச்சை! எடுத்தவருக்கு இப்படியாகும் என்று கனவிலும் தெரியாது. லைட்ரூமில் எக்ஸ்போர்ட் செய்யும்போது தேர்ந்தெடுத்த ஒரு புரொஃபைல், அவ்வளவுதான் அவர் செய்த 'குற்றம்'!

செவ்வாயின் வானம் ஒரு நாள் மட்டும் நீலமாக இருந்த கதை தெரியுமா? 1976 ஜூலை 20. வைக்கிங் 1 செவ்வாயில் இறங்குகிறது. மறுநாள் முதல் கலர் படம் வருகிறது. அடடா, நம் ஊர் மாதிரியே நீல வானம்! பிறகு விண்கலத்தோடு அனுப்பியிருந்த கலர் அட்டையை வைத்துச் சரிபார்த்தார்கள். வானம் இளஞ்சிவப்பானது! இதை அறிவித்தபோது கூடியிருந்த செய்தியாளர்கள் ஏமாற்றத்தில் கூச்சலிட்டார்கள் என்று விஞ்ஞானி கார்ல் சேகன் எழுதியிருக்கிறார். கோடிக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் சரியான நிறத்துக்கு ஓர் அட்டை தேவைப்பட்டது என்றால், உங்கள் மேஜைக்கு வேண்டாமா?

அந்த அட்டையின் பூலோகத்துத் தம்பிதான் 24 கட்டம் போட்ட கலர்செக்கர். அதுவும் 1976-ல்தான் வந்தது! கட்டங்கள் ஏதோ தோன்றியபடி அடித்த பெயின்ட் அல்ல. முதல் கட்டம் கருமையான தோல், அடுத்தது வெளிர் தோல், பிறகு நீல வானம், இலை!

ஆனால் அதற்கு முன்பு? லேப்களில் நிறம் சரிபார்க்கக் கோடாக் அனுப்பிய அட்டைகளில் ரொம்ப காலம் இருந்தது வெள்ளைத் தோல் பெண் மட்டுமே. 'ஷெர்லி கார்டு' என்று பெயர். அவள் முகம் அழகாக வந்தால் மெஷின் சரி! மற்றவர்கள் முகம் கறுத்து அப்பிப்போனால்? கவலைப்பட ஆள் இல்லை. பழுப்பு நிறத்தைச் சரியாக்கச் சொல்லிக் கோடாக்கை நெருக்கியவர்களில் யார் யார் தெரியுமா? சாக்லேட் கம்பெனிகளும் மர நாற்காலி, மேஜை விற்பவர்களும்! மனிதத் தோலுக்குக் கிடைக்காத கவனிப்பு மரத்துக்குக் கிடைத்தது. சிரிப்பதா, கோபப்படுவதா?

இன்னும் பின்னால் போகலாமா? 1861, லண்டன். ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் ஒரு கட்டம் போட்ட ரிப்பனை சிவப்பு, பச்சை, நீல ஃபில்டர்கள் வழியாகப் படமெடுக்கவைத்துத் திரையில் சேர்த்துக் காட்டினார். கலர் போட்டோவின் தொடக்கம்! ஆனால் அந்தக் காலத்து பிளேட்டுக்குச் சிவப்பு தெரியவே தெரியாது! பிறகு சிவப்பு எப்படி வந்தது? ரிப்பனின் சிவப்புச் சாயம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரையும் தெறிக்கவிட்டது. ஃபில்டரும் அதை உள்ளே விட்டது. பிளேட் அதைப் பிடித்துக்கொண்டது! ஒரு நூற்றாண்டு கழித்து, 1961-ல்தான் இந்தக் குட்டு உடைந்தது. கேலிபரேஷனே இல்லாமல் குருட்டு அதிர்ஷ்டத்தில் ஜெயித்த ஒரே ஆள் மேக்ஸ்வெல்தான் போலிருக்கிறது!

நமக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்காது. அதனால் இன்று ராத்திரி எடிட் செய்ய உட்காரும்போது மானிட்டரைப் போட்டு அரை மணி நேரம் சூடாகவிடுங்கள். நைட் லைட் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். பிரைட்னஸைக் குறையுங்கள். அப்புறமும் புடவை காபிக்கொட்டையாகவே வந்தால், அப்போது லேபுக்குப் போன் போடுங்கள்!